வருகிறவருக்கு ஓர் அறை

ஆண்டின் பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
புனித சூசையப்பர் ஆலயம், தன்னாமுனை
வாசகங்கள்: 2 அரசர்கள் 4:8-11, 14-16, உரோமையர் 6:3-4, 8-11, மத்தேயு 10:37-42



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு கட்டட வேலை நடக்கிறது. சூனேம் ஊரில் வசதியாக வாழும் ஒரு பெண், அந்த வழியால் போய்வரும் இறைவாக்கினர் எலிசாவை முதலில் சாப்பாட்டுக்கு மறிக்கிறார். சில நாள் போனபின் கணவரிடம் ஒரு யோசனை சொல்கிறார். மேல்தளத்தில் சுவர் வைத்து ஒரு சின்ன அறை கட்டுவோம், ஒரு கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் போட்டு வைப்போம், வரும்போது அவர் அங்கே தங்கட்டும் என்கிறார். விவிலியம் சாலமோன் கட்டிய ஆலயத்தை முழம் முழமாக அளந்து சொல்கிறது. ஒரு குடும்பம் தன் வீட்டில் இன்னொருவருக்கென்று ஒதுக்கிய அறையில் என்ன சாமான் கிடந்தது என்பதை இவ்வளவு கவனமாகச் சொல்லும் இடங்கள் அதில் மிகக் குறைவு.

அந்த நான்கு சாமான்களையும் பாருங்கள். படுக்க ஓர் இடம், எழுத ஓர் இடம், உட்கார ஓர் இடம், இருட்டிய பிறகும் படிக்க ஒரு வெளிச்சம். வருகிறவர் யார், அவருக்கு என்ன வேலை, இரவில் அவர் என்ன செய்வார் என்று யோசித்தே அந்தத் தாய் அறையை ஒழுங்கு பண்ணியிருக்கிறார். வீட்டில் மிஞ்சிக் கிடந்ததை அவர் மேலே ஏற்றி வைக்கவில்லை.

இதை இன்று ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்பது உங்களில் பலருக்கு விளங்கியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் இந்த மாதங்களில்தான் நம் ஊரில் வீட்டு வேலை நடக்கும். மாரி தொடங்குவதற்கு முன் கூரை மாற்ற வேண்டும், சுவர் பூச வேண்டும். நம் பங்கில் ஒரு குடும்பம், பல வருடமாகப் பூட்டிக் கிடந்த தங்கள் பழைய வீட்டைத் திறந்து, பற்றையை வெட்டி, ஓடு இறக்கி, வாடகைக்கு விடுவதற்காகத் திருத்திக்கொண்டிருக்கிறது. கம்பஸ் பிள்ளைகளுக்குப் போடிங்காகக் கொடுக்க யோசனை. வேலை முடிந்ததும் வந்து மந்திரித்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். சந்தோஷமாகப் போவேன். ஆனால் தீர்த்தம் தெளிக்கிற நாளில் சொல்லக்கூடியதை விடச் சீமெந்து குழைக்கிற நாளில் சொல்லவேண்டியது அதிகம். அவர்களுக்கு மட்டுமல்ல. அப்படியான வீடுகள் இந்த வீதியில் இன்னும் இருக்கின்றன, அவற்றின் சொந்தக்காரர்களும் இந்த ஆலயத்தில் இருக்கிறீர்கள்.

நம் ஊரில் ஒரு வீடு பாழாவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருப்பதில்லை. 1978 நவம்பர் 23ஆம் தேதி அடித்த சூறாவளியில் கூரை போன வீடுகளை முதியவர்கள் இன்னும் விரலால் காட்டுவார்கள். 1990இல் போரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பூட்டிய பூட்டு சில கதவுகளில் துருப்பிடித்தே விழுந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோர மக்கள் உள்ளே வந்தார்கள், உள்ளே இருந்த சிலர் வெளிநாடு போனார்கள். இதற்கு மேல் நம் மட்டக்களப்பு வழக்கமும் இருக்கிறது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போகும். தாய் தகப்பன் மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்த மகளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். பெண்ணுக்கு ஒரு கூரையை உறுதிப்படுத்திய நல்ல வழக்கம் அது. அந்த மகள் இப்போது பிரான்சிலோ கனடாவிலோ இருக்கிறாள். திறப்பு ஒரு அண்ணனிடம், காணி உறுதி இன்னொரு அக்காவிடம். யார் செலவழிப்பது, நாளைக்கு யாருக்குப் போகும் என்ற பேச்சிலேயே பத்து மாரி போய்விடுகிறது. உறுதிக்குச் சண்டை பிடித்துச் சுவரைக் கறையானுக்குக் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்த வேலையைத் தொடங்குமுன் வீட்டுக்குரிய சகோதரியிடம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் போதும், ஆனால் கேளுங்கள். அவளுடைய வீடு அது. சூனேம் வீட்டிலும் யோசனை பெண்ணிடமிருந்தே வந்தது, அவளும் கணவரோடு கலந்து பேசித்தான் செய்தாள்.

ஒரு வீட்டைப் பூட்டி வைப்பது யாருக்கும் தீங்கில்லாத காரியம் என்று நினைக்கவேண்டாம். உடைந்த ஓட்டில், கைவிட்ட கிணற்றில், குசினிப் பின்புறம் கிடக்கும் சட்டியில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். காய்ந்து போன சட்டியிலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூட்டை உடைக்கும் நிலை வரக்கூடாது. அதனால் இந்தக் குடும்பம் செய்வது வருமானத்துக்கு முன்பே அயலாருக்குச் செய்யும் நன்மை.

இனி, திருத்தும் வேலைக்கு வருகிறேன். பழைய ஏற்பாட்டில் ஒரு குரு வீட்டுச் சுவரைப் பார்வையிடப் போகும் அதிகாரம் ஒன்று உண்டு. லேவியர் நூல் 14ஆம் அதிகாரம். ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர் வந்து, என் சுவரில் ஏதோ நோய்போலத் தெரிகிறது என்று குருவிடம் சொல்லவேண்டும். குரு போவதற்கு முன்னே சாமான்களை வெளியே எடுத்துவிடச் சொல்கிறது சட்டம். குரு பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் ஏழையின் பாயும் பானையும் சேர்ந்து போய்விடும் என்ற இரக்கம் அந்தக் கட்டளைக்குள் இருக்கிறது. பிறகு ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைக்கவேண்டும். திரும்பப் போய்ப் பார்க்கும்போது கறை பரவியிருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, உட்சுவர் முழுவதையும் சுரண்டி, வேறு கல் வைத்து, புதுச் சாந்து பூசவேண்டும். கறைக்கு மேல் பூசி மறைக்கும் வழியை அந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊரில் சுவருக்கு வரும் நோய் உவர். நிலத்து ஈரம் செங்கல் வழியாக ஏறி, சுவரின் முகத்தில் வந்து காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு அங்கேயே மணிமணியாகப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. முழங்கால் உயரத்துக்குப் பூச்சு கழன்ற விறாந்தைச் சுவர் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதற்கு மேல் இறுக்கமாகச் சீமெந்து பூசிப் பெயின்ட் அடித்தால் ஒரு வருடம் அழகாக இருக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, அடுத்த மாரிக்கு இடுப்புயரத்தில் வெடிக்கும். அனுபவமுள்ள மேசன்மாரைக் கேளுங்கள், சொல்வார்கள்: கெட்ட பூச்சை ஈரம் ஏறிய உயரத்துக்கும் மேலே ஒரு முழம்வரை கொத்தி எடு, உப்பைத் தூரிகையால் தட்டி விடு, கச்சான் காற்றில் சுவரைக் காயவிடு, சுவர் மூச்சு விடக்கூடிய சுண்ணாம்புச் சாந்து பூசு. கூரை ஒழுக்கையும் மழைநீர் சுவரடியில் தேங்குவதையும் முதலில் நிறுத்து. பொறுமை வேண்டும். வாடகைக்கு வருகிற பிள்ளை ஒரு வருடம்தானே இருக்கப்போகிறது, பெயின்ட் நிற்கும்வரை நின்றால் போதும் என்று ஒருவர் நினைத்தால், அந்தச் சுவர் அவருடைய மனச்சாட்சியைத்தான் காட்டிக்கொண்டு நிற்கும். ஈரச் சுவரோடு தலைவைத்துப் படுக்கிற பிள்ளைக்கு இழுப்பு வரும். அது பெற்றவர்களுக்குத் தெரியாமல், தூரத்து ஊரில், பரீட்சைக் காலத்தில் வரும்.

கூரையில் பழைய அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அதைக் கீழே போட்டு உடைக்கவேண்டாம், அரியவும் வேண்டாம். நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் இருபது முப்பது வருடம் கழித்தும் புற்றுநோயாக வரக்கூடியது. கூரையில் நிற்பவர் கூலிக்கு வந்தவர் என்பதால் அவருடைய நெஞ்சு வேறாகிவிடாது. மின்வயரும் அப்படித்தான். சுவருக்குள் எலி கடித்த பழைய வயரை விட்டுவிட்டு வெளியே புது சுவிட்ச் பலகை பூட்டுவது எளிது. ட்ரிப் சுவிட்ச் போட்டு, மண்ணுக்கு ஒழுங்காக இணைத்து, அந்த வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒருவன் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று அது எச்சரிக்கிறது. விழுகிறவன் கவனமில்லாதவனா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கட்டியவனைத்தான் கேட்கிறது. நம் வளவுகளில் மேல்தளம் குறைவு, கிணறு அதிகம். கட்டு இடிந்த கிணறு எத்தனை வளவில் கிடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிணற்றைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். ஏனென்றால் இன்றைய நற்செய்தி ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரில் வந்து நிற்கிறது. உங்களை ஏற்றுக்கொள்பவர் என்னை ஏற்றுக்கொள்கிறார் என்ற பொருள்படப் பேசும் ஆண்டவர், சீடர் என்பதற்காக ஒரு சிறியவருக்குத் தண்ணீர் கொடுத்தவரும் கைம்மாறு பெறாமல் போகமாட்டார் என்கிறார். கொடுப்பதிலேயே மிகச் சிறியதை அவர் தேர்ந்தார் என்று நாம் நினைக்கிறோம். நம் மணலில் நல்ல தண்ணீர் சிறிய காரியம் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நம் கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் எடுக்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் மாவட்டத்துக் கரையோரங்களில் நல்ல மனதோடு பலர் இயந்திரம் கொண்டுவந்து, கிணறுகளை அடிமட்டம்வரை திரும்பத் திரும்ப இறைத்தார்கள். ஆய்வு செய்தவர்கள் பிறகு கண்டது, அப்படி அவசரமாக இறைத்த கிணறுகளில் அடியிலிருந்த உப்பு இன்னும் மேலே ஏறியது என்பதே. ஆகவே பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணற்றை இயந்திரம் வைத்து ஒரேயடியாக வற்றடிக்கவேண்டாம். வாளியால் இறையுங்கள், சேற்றை அள்ளுங்கள், கட்டையும் சுற்றுத் தளத்தையும் திருத்துங்கள், சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அளவாகக் குளோரின் இடுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கிறதா என்று நாடாவால் அளந்து பாருங்கள். மணலில் அழுக்கு வேகமாக ஓடும். இடம் போதாது என்றால் குழியை மாற்றுங்கள். செலவுதான். ஆனால் அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்கப்போகிற பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கும் குவளை அது. கழுவாத குவளையில் ஆண்டவருக்குத் தண்ணீர் கொடுக்க நம்மில் யாரும் துணியமாட்டோம்.

வேலை செய்கிறவர்களின் கூலியைப் பற்றி யாக்கோபும் எரேமியாவும் கடுமையாகவே பேசியிருக்கிறார்கள். அநீதியால் வீட்டையும் அநியாயத்தால் மாடி அறைகளையும் கட்டி, அயலானைக் கூலியில்லாமல் வேலை வாங்குகிற அரசனுக்கு ஐயோ என்கிறார் எரேமியா. மேசன், கையாள், ஓடாவியார், வயர் வேலைக்காரர் எல்லாருக்கும் அன்றாடக் கூலியை அன்றன்றே கொடுங்கள். வெளிநாட்டுக் காசு வரட்டும், முதல் வாடகை வரட்டும் என்று தள்ளவேண்டாம். அவர்கள் வீட்டு அடுப்பு உங்கள் வாடகைக்காகக் காத்திருக்காது. நம் ஆலயத்துக்குப் பெயர் தந்த சூசையப்பர் மற்றவர்களின் வீட்டு நிலைக்கும் யன்னலுக்கும் மரம் இழைத்துக் கூலி வாங்கிக் குடும்பம் நடத்தியவர். மீட்பர் வளர்ந்தது அந்தக் கூலியில். யாராவது ஒருவர் சூசையப்பருக்கு ஒரு கிழமைக் கூலியைப் பிடித்து வைத்திருந்தால் நாசரேத்தில் யார் பட்டினி கிடந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த வேலைக்குக் கடன் எடுப்பதற்காக நுண்கடன் கம்பனிகளிடம் போகவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடனால் நம் தாய்மார் பட்ட பாடு போதும். ஓர் அறையைத் திருத்தி, அதை வாடகைக்கு விட்டு, அந்தக் காசில் அடுத்த அறையைத் திருத்துவது மெதுவான வழி. நித்திரையைக் கெடுக்காத வழி.

வாடகை வாங்குவது பாவமா? சிலர் உண்மையாகவே கேட்கிறார்கள், சூனேம் பெண் சும்மாதானே கொடுத்தாள் என்று. பாவமில்லை. புனித பவுல் உரோமை நகரில் இரண்டு வருடம் முழுவதும் சொந்தச் செலவில் வாடகை வீட்டில் இருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் முடிகிறது. வாடகை கொடுத்தவர் அவர், வாங்கியவர் ஒருவர் இருந்திருக்கவேண்டும். நியாயமான வாடகை நியாயமான உழைப்பு. ஆனால் வீடு சந்தைச் சரக்கு மட்டும் இல்லை என்பதைத் திருச்சபை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது நம் நாட்டின் யோசனையால். அப்போது பிரதமராக இருந்த ரணசிங்க பிரேமதாச அதை முன்வைத்தார். அந்த ஆண்டின் டிசம்பர் 27ஆம் தேதி, நீதிக்கும் அமைதிக்குமான திருத்தந்தையின் ஆணைக்குழு வீடற்ற சகோதரரைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. ஒரு மனிதருக்கு வீடு அடிப்படை உரிமை என்றும், அதை வெறும் விற்பனைப் பொருளாகப் பார்க்க முடியாது என்றும் அது சொல்கிறது.

1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், நமக்கு வடக்கே. அதன் சுகாதாரப் பராமரிப்பு பீடம் பிள்ளையாரடியில், நமக்குத் தெற்கே, கூப்பிடு தூரம். திருகோணமலை வீதியில் பஸ் ஏறினால் இரண்டுக்கும் போகலாம். நம் வீடுகளுக்கு வாடகை வரும் காரணம் அதுதான். வருகிற பிள்ளைகளில் பலர் மகாபொல புலமைப்பரிசிலை நம்பி வருகிறவர்கள். படுவான்கரை வயல்காரரின் மகன், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துத் தாயின் மகள். ஒரு வருடத்து அட்வான்சை ஒரேயடியாகக் கேட்டால் அந்தத் தாய் காதில் இருப்பதைக் கழற்றவேண்டும். இரண்டு பேர் படுக்கும் அறையில் ஆறு கட்டில் போட்டு ஆறு வாடகை வாங்காதீர்கள். பேசியதைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள், வாங்கிய காசுக்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள், போகும்போது முற்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கொடுத்த அறைக்குள் தட்டாமல் போகாதீர்கள். இன்றைய வாசகத்தில் எலிசா அந்தப் பெண்ணை அழைத்தபோது அவர் வந்து வாசற்படியில் நின்றார் என்று இருக்கிறது. கட்டியவர் அவர், கணவரிடம் கேட்டுச் செலவழித்தவர் அவர். கொடுத்தபின், அந்த அறையின் வாசலில் நிற்கிறார்.

இதுவரை சொன்னவற்றைச் செய்வது நமக்குக் கஷ்டமாக இராது. இனிச் சொல்வது கஷ்டம். யாருக்குக் கொடுப்பீர்கள்?

இன்று நாம் வாசித்த பகுதியில் இரண்டு வசனங்கள் விடப்பட்டிருக்கின்றன, பன்னிரண்டும் பதின்மூன்றும். அவற்றில் எலிசா கேட்கிறார், இவ்வளவு செய்தாயே, உனக்காக அரசனிடமோ படைத்தலைவனிடமோ ஏதாவது பேசவேண்டுமா என்று. அந்தப் பெண் மறுத்துவிடுகிறார். நான் என் சொந்த மக்கள் நடுவே இருக்கிறேன், எனக்கு என்ன குறை என்பதே அவருடைய பதில். சொந்த ஊர், சொந்தச் சனம், சொந்த வளவு. அப்படிப்பட்டவருக்கு அரசன் எதற்கு?

அதே நூலில் நான்கு அதிகாரம் தள்ளிப் போய் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழு வருடப் பஞ்சம் வருகிறது. எலிசா சொன்னபடி அந்தப் பெண் குடும்பத்தோடு ஊரை விட்டுக் கிளம்புகிறார். எங்கே போனார்? பெலிஸ்தியர் நாட்டுக்கு. இஸ்ரயேலோடு தலைமுறை தலைமுறையாகப் போர் செய்த சனத்தின் நாட்டுக்கு. ஏழு வருடம் அங்கே இருந்தார். விவிலியம் அவருக்கு இடம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு பெலிஸ்தியக் குடும்பம் ஒரு கதவைத் திறந்து, ஒரு கிணற்றைக் காட்டி, ஏழு வருடம் அவரையும் அவருடைய பிள்ளையையும் பிழைக்க விட்டிருக்கிறது. பஞ்சம் முடிந்து திரும்பி வந்தால் தன் வீடும் நிலமும் கையில் இல்லை. முன்பு அரசனிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன அதே பெண், அரசனிடம் போய் என் வீட்டைத் தாருங்கள், என் நிலத்தைத் தாருங்கள் என்று முறையிடுகிறார். கிடைக்கிறது, அவர் போன நாள் முதலான விளைச்சலோடு சேர்த்துக் கிடைக்கிறது.

சகோதரர்களே, இந்த எட்டாம் அதிகாரத்தை நாம் படித்து அறியவேண்டியதில்லை. நாம் அதற்குள் இருந்தவர்கள். ஓடியிருக்கிறோம். யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறோம். திரும்பி வந்து நம் வளவில் வேறு ஆள் இருக்கக் கண்டிருக்கிறோம். 2007இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்த சனத்துக்கு எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் திறந்ததையும் கண்டிருக்கிறோம்.

அப்படியிருந்தும், போடிங் கேட்டு வருகிற பிள்ளை முஸ்லிம் பிள்ளை என்றால் அறை முடிந்துவிட்டது என்று சொல்லும் வீடுகள் உண்டு. சிங்களப் பிள்ளை என்றால் பயம். பெயரைக் கேட்டபின், ஊரைக் கேட்டு, ஊரைக் கேட்டபின் குடியையும் சாதியையும் கேட்கிறவர்களும் உண்டு. கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு வருகிற தாய்க்கு ஊர் என்ன சொல்லுமோ என்று கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கத்து ஊர் ஏறாவூரில் 1990 ஆகஸ்ட் 11ஆம் தேதி இரவு நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், குழந்தைகளும் தாய்மாருமாகக் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் கழிவதற்குள், செப்டெம்பர் 9ஆம் தேதி, நம் மறுபக்கத்துச் சத்துருக்கொண்டானிலும் அதன் அயற்கிராமங்களிலும் 180க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறோம் நாம். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில், அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15இல், ஆபத்தில் இருந்த மக்களுக்காக வாழைச்சேனை போய்விட்டுத் திரும்பிய இயேசு சபை அருட்தந்தை யூஜின் ஹெபர்ட்டும் அவரோடு வந்த பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற இளைஞரும் ஏறாவூர் அருகே காணாமல் போனார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கி, ஏழைப் பையன்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வாழ்நாளைச் செலவழித்தவர் அந்தத் தந்தை. அவருக்கு இந்த மண்ணில் சொந்தச் சனம் யாரும் இருக்கவில்லை. அவரை ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

அப்போது பிறந்தும் இராத பிள்ளைகள்தான் இன்று பையோடு நம் படலையில் வந்து நிற்கிறார்கள். ஏறாவூரில் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம், சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். தாதியாகவோ வைத்தியராகவோ படித்து முடித்து, ஒருநாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே நிற்கப்போகிறவர்கள் அவர்கள். ஆளைப் பற்றி விசாரியுங்கள், அது உங்கள் கடமை. ஒழுங்கானவரா, வாடகை கொடுப்பாரா, இரவில் வீட்டாரைத் தொந்தரவு பண்ணுவாரா என்று கேளுங்கள். எந்தக் கடவுளை எந்த மொழியில் கும்பிடுகிறார் என்பதைக் கொண்டு கதவைச் சாத்தாதீர்கள். உரோமையில் பவுலுக்கு வீடு கொடுத்தவரை நினைத்துப் பாருங்கள். வந்தவர் வேற்று மதத்தவர், வழக்கில் இருப்பவர், கையில் விலங்கு, பக்கத்தில் காவலுக்கு ஒரு படைவீரன். அந்த வீட்டுக்காரர் அன்று இடமில்லை என்று சொல்லியிருந்தால், பவுலிடம் நற்செய்தி கேட்க உரோமையர் எந்த வாசலுக்கு வந்திருப்பார்கள்?

வாடகைக்கு இருக்கிறவர்களும் இந்த ஆலயத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. மற்றவருடைய வீட்டைக் கூட்டி, கிணற்றடியைச் சுத்தமாக வைத்து, சொன்ன தேதியில் வாடகையைக் கொடுங்கள். எலிசா தனக்கு அறை தந்த குடும்பத்தின் மனக்குறை என்ன என்று தேடிக் கேட்டு, அவர்களுக்காக மன்றாடினார். உங்கள் வீட்டுக்காரரின் நலம் விசாரிக்க இறைவாக்கினராக இருக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில். அந்தக் குடும்பத்தில் ஒருவர் கேட்டார், ஆலயத்துக்கு முதல் மாத வாடகையை நேர்ச்சையாகக் கொடுக்கட்டுமா என்று. வேண்டாம். அந்தக் காசில் கிணற்றுக்கட்டைக் கட்டுங்கள். உண்டியலில் போடுவதை விட அது ஆண்டவருக்கு அதிகம் பிரியமாக இருக்கும்.

அவர்களுடைய கிணறு வருகிற சனிக்கிழமை காலை இறைக்கப்படும். நல்ல கயிறும் வாளியும் வைத்திருப்பவர்கள், கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளத் தெரிந்த இரண்டு பேர், கட்டுக்குக் கல் அடுக்க உதவக்கூடிய இளைஞர்கள் தேவை. திருப்பலி முடிந்ததும் ஆலய முகப்பில் நில்லுங்கள், பெயரை எழுதிக்கொள்கிறேன். காலைச் சாப்பாட்டை அன்னையர் சபையினர் பார்த்துக்கொள்வார்கள். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.